கடலிலிருந்து கடலைக்கு: இரண்டு முறை ஊர் திரும்பிய ஒரு கடற்படைக்காரர்

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 30-ம் தேதி நம்மாழ்வார் அய்யாவை நினைத்துக் கூடுகிறோம். 2024-ல் அதற்கு முந்தின நாள், டிசம்பர் 29 அன்று, உலகத்தின் இன்னொரு பக்கத்தில் இன்னொரு விவசாயி காலமானார். வயது 100. ஊர் பெயர் பிளெயின்ஸ். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் 600 பேர்கூட இல்லாத சின்ன ஊர். அவர் பெயர் ஜிம்மி கார்ட்டர்.

‘முன்னாள் அமெரிக்க அதிபர் மறைவு’ என்றுதான் எல்லாப் பத்திரிகையும் போட்டது. தப்பில்லை. 1977 முதல் 1981 வரை அவர் அதிபர். ஆனால் நூறு வருட வாழ்க்கையில் அது வெறும் நாலு வருடம். மீதி 96 வருடத்தில் அவர் கடற்படை அதிகாரியாக இருந்தார். நிலக்கடலை விவசாயியாக, விதைக்கடலை வியாபாரியாக, பள்ளிக்கூட வாரிய உறுப்பினராக, தச்சராக, கூலி வாங்காத வீடு கட்டும் தொழிலாளியாக இருந்தார். தொண்ணூறு வயது தாண்டியும் சொந்த ஊர்க் கோயிலில் பாடம் எடுத்தார்.

“அமெரிக்க அதிபருக்கெல்லாம் நம்ம பத்திரிகையில் என்ன இடம்?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் அதிபரைப் பற்றி எழுதவில்லை. பெரிய உத்தியோகத்தை விட்டு இரண்டு முறை சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு மனுஷனைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் நிறைய பேர் ஓய்வு பெற்ற பிறகோ, ஐ.டி. வேலையை விட்டோ மண்ணுக்கு வந்தவர்கள். வந்த பிறகு ஊருக்கு நாம் யார் என்ற கேள்வி நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

அவித்த கடலையும் பாஷாணமும்

1924 அக்டோபர் 1-ல் பிறந்தவர். வளர்ந்தது பிளெயின்ஸிலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர் தள்ளி ஆர்ச்சரி என்ற குக்கிராமத்தில். அப்பா ஏர்ல் கார்ட்டர் விவசாயி. நிலக்கடலை, பருத்தி, சோளம், கரும்பு எல்லாம் போட்டவர். பண்ணை வீட்டில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. மின்சாரம் வந்தபோது பையனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. சுற்றி இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை கறுப்பினக் குடும்பங்கள். விளையாட்டுத் தோழர்களும் அவர்கள்தான். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பண்ணை மணி அடிக்கும். அதோடு நாள் ஆரம்பம். அந்தப் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘விடியலுக்கு ஒரு மணி முன்’ என்ற பொருளில்தான் இருக்கும்.

ஐந்தாறு வயதிலேயே அவருக்கு வியாபாரம் வந்துவிட்டது. காட்டில் கடலைச்செடியைப் பிடுங்கி, மண் போகக் கழுவி, உப்புப் போட்டு அவித்து, பொட்டலம் கட்டி, பிளெயின்ஸ் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் ஐந்து சென்ட்டுக்கு விற்பார். நம்ம பக்கம் மல்லாட்டை அவித்துப் பஸ் ஸ்டாண்டில் படியில் அளந்து விற்கிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான்.

இன்னொரு வேலையும் அந்தப் பையனுக்கு இருந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தெற்கில் பருத்தியை நாசம் செய்தது காய் துளைக்கும் ஒரு கூன்வண்டு. அதைக் கொல்ல பாஷாணம், அதாவது ஆர்சனிக், கரும்புப்பாகு, தண்ணீர் மூன்றையும் வாளியில் கலப்பார்கள். குச்சி நுனியில் துணி கட்டி, அதை முக்கி, ஒவ்வொரு செடியின் கொழுந்திலும் தடவ வேண்டும். பிள்ளைகள் வாளியோடு வரிசை வரிசையாகப் போவார்கள். பாகுக்கு ஈயும் தேனீயும் மொய்க்கும். கால்சட்டை முழுக்க அப்பி, காய்ந்து விறைத்துப் போய்விடும். கார்ட்டரே இதை எழுதியிருக்கிறார்.

பசுமைப் புரட்சியோடுதான் விஷம் வயலுக்கு வந்தது என்று நாம் பேசுகிறோம். நம்ம ஊருக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் பணப்பயிர் ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்ட அமெரிக்கப் பருத்தி வயல்களில் டி.டி.டி.க்கு முன்பே, சின்னப் பிள்ளைகள் கையில் பாஷாண வாளி இருந்தது. ஒற்றைப் பயிர் எங்கே போனாலும் விஷ வாளி பின்னாலேயே போகும். அந்தப் பாடத்தைப் படிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கடற்படையும் 90 விநாடியும்

அந்தக் குடும்பத்தில் அதுவரை கல்லூரி முடித்தவர்கள் கிடையாது. பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே கடற்படை ஆசை. 1943-ல் அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து 1946-ல் முடித்தார். அதே வருடம் ஜூலையில் பக்கத்து வீட்டுப் பழக்கமான ரோசலின் ஸ்மித்தை மணந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. ஒரு முறை புயலில் பேரலை அவரைக் கப்பல் மேல்தளத்திலிருந்து அடித்துக்கொண்டு போய், பின்னால் இருந்த பீரங்கி மேல் போட்டது. அதைப் பிடித்துத் தப்பினார்.

பிறகு அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்கு, ரிக்கோவர் என்ற கறாரான அதிகாரியின் கீழ் தேர்வானார். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து நடந்தது. உலையின் உள்பகுதி உருகிச் சேதமாகிவிட்டது. அதைப் பிரித்தெடுக்கப் போன அமெரிக்கக் குழுவுக்குத் தலைவர் 28 வயது கார்ட்டர். உள்ளே ஒருவர் சுமார் 90 விநாடிக்கு மேல் இருக்க முடியாது. அதனால் பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அமைத்தார்கள். எந்த ஆணியை எப்படிக் கழற்றுவது என்று அதில் ஒத்திகை பார்த்தார்கள். பிறகு ஓடிப்போய் ஒரு மரையைக் கழற்றிவிட்டு ஓடிவருவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அவருடைய சிறுநீரில் கதிரியக்கம் இருந்ததாம்.

நாட்டின் மிக முக்கியமான திட்டத்தில் இளம் அதிகாரி. முன்னால் முழுப் பாதையும் திறந்திருந்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து தகவல் வந்தது. அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய்.

அப்பாவின் கட்டிலோரம்

1953 ஜூலையில் ஏர்ல் கார்ட்டர் இறந்தார். அதற்கு முந்தின நாட்களில் மகன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். ஊர் ஜனம் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தது. கறுப்பர், வெள்ளையர், குத்தகைக்காரர், கூலிக்காரர். கோழி, ரொட்டி, தோட்டத்துக் காய் என்று எதையாவது கையில் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. கஷ்டத்தில் கடன் கொடுத்து நெருக்காமல் விட்டது, யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளைக்குத் துணி வாங்கிக் கொடுத்தது, விதைக்கு உதவியது. மகனுக்கு அதுவரை இதில் பாதி தெரியாது.

இத்தனைக்கும் ஏர்ல் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. நிறப் பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்ட அந்தக் கால மனிதர். அப்படிப்பட்டவரின் சாவுக்கே இத்தனை பேர் கண்ணீர் விட்டு வந்தார்கள். கடற்படையில் நான் எவ்வளவு உயரம் போனாலும் என் சாவுக்கு இப்படி யாராவது வருவார்களா என்று மகன் யோசித்தார். அந்த யோசனைதான் ராஜினாமாக் கடிதம் ஆனது. 1953 அக்டோபரில் கடற்படையிலிருந்து விடுபட்டார். ரோசலினுக்குத் துளியும் விருப்பமில்லை. சண்டை போட்டார். ஊருக்கு வரும் வழி முழுக்கக் காரில் கணவரோடு பேசவே இல்லை.

இந்த இடத்தை நம் பெண் வாசகர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள் என்று தெரியும். ‘இயற்கை விவசாயம் பண்ணப்போறேன்’ என்று ஆண் அறிவித்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது நம்ம வீடுகளுக்கும் தெரியும்.

முதல் வருடக் கணக்கு

நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்து, யாருடைய கதையைக் கேட்டாலும் வரவு-செலவைத்தான் முதலில் தேடுவேன். கார்ட்டரின் கணக்கு இது.

கடற்படைச் சம்பளம் நின்றது. மூன்று பிள்ளைகள். தங்கியது பிளெயின்ஸில் ஏழைகளுக்காக அரசு கட்டிய வாடகைக் குடியிருப்பில். அமெரிக்க அதிபர்களில் அப்படி ஒரு குடியிருப்பில் வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான் என்பார்கள். 1954-ல் கடும் வறட்சி. கடலை காய்ந்தது. அப்பா போலவே இவரும் ஊராருக்கு உரமும் விதையும் கடனுக்குக் கொடுத்திருந்தார். அவர்களுக்கும் விளையவில்லை, கடன் திரும்பவில்லை. வருடக் கடைசியில் கையில் நின்ற லாபம் 300 டாலரைக்கூடத் தொடவில்லை.

வங்கிக் கண்ணோடு பார்த்தால், இந்த மனுவை எந்த மேலாளரும் யோசித்துத்தான் தொடுவார். ஆனால் மனுவில் எழுதாத இரண்டு விஷயம் இங்கே இருந்தது. ஒன்று, படிப்பை அவர் நிறுத்தவில்லை. அணு உலை படித்தவர், வேளாண் ஆராய்ச்சி நிலைய வகுப்புகளில் மாணவன் போல உட்கார்ந்தார். எண்ணெய்க்குப் போகிற கடலையைவிட விதைக்குப் போகிற கடலைக்கு மதிப்பு அதிகம் என்று புரிந்துகொண்டு, விதைக்கடலையில் இறங்கினார். இரண்டாவது, ரோசலின். கோபத்தோடு வந்த அதே ரோசலின் கணக்கியல் புத்தகத்தை எடுத்துப் படித்து, கிட்டங்கியின் பேரேடு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். எந்தச் சரக்கில் லாபம், எதில் நஷ்டம் என்று கணவரைவிட அவருக்குத்தான் தெரியும். சில வருடத்தில் அவர் இல்லாமல் வியாபாரமே இல்லை என்ற நிலை வந்தது.

நம்ம பண்ணைகளில் எத்தனை பேர் கணக்கு எழுதுகிறோம்? விதை சொந்தமா, கடையா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? அவர் பிழைத்தது இந்த இரண்டால்தான்.

ஊர்ப் பொறுப்பும் ஊர் விலக்கும்

கொஞ்சம் கால் ஊன்றியதும் ஊர்வேலை வந்தது. மாவட்டப் பள்ளி வாரியம், நூலகம், மருத்துவமனை வாரியம், லயன்ஸ் சங்கம், சாரணர் படை என்று எல்லாம் சம்பளமில்லாப் பொறுப்புகள்.

1950-களின் நடுவில் கறுப்பர் வெள்ளையர் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், அதை எதிர்க்க ஊர் ஊராக ‘வெள்ளையர் கவுன்சில்’ கிளம்பியது. பிளெயின்ஸில் சேர மறுத்த வெள்ளைக்கார ஆண் தான் ஒருவன்தான் என்று கார்ட்டர் எழுதியிருக்கிறார். சந்தா நாங்களே கட்டுகிறோம் என்று சொல்லியும் மறுத்தார். உடனே அவர் கிட்டங்கியைச் சிலர் புறக்கணித்தார்கள். பிற்பாடு அது தானாக ஓய்ந்தது. அதே நேரம், பள்ளி வாரியத்தில் இருந்தபோது பள்ளிகளை ஒன்றாக்க அவர் துணிந்து வேலை செய்யவில்லை என்ற விமர்சனமும் உண்டு. அதுவும் உண்மைதான். ஒரே தெருவில் வியாபாரம் பண்ணிக்கொண்டு ஊர்க்கட்டுப்பாட்டை எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று, ஊரும் சேரியும் இன்னும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் வாழ்கிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1971-ல் மாநில ஆளுநராகப் பதவியேற்ற மேடையிலேயே நிறப் பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று அறிவித்தார்.

ஊழியம் அந்த வீட்டில் புதிதல்ல. அவருடைய அம்மா லில்லியன் நர்ஸ். கணவர் போன பிறகு, தன் 68-வது வயதில், அமைதிப் படைத் தொண்டராகப் பெயர் கொடுத்தார். அவரை அனுப்பியது எங்கே தெரியுமா? நம்ம நாட்டுக்கு. 1966 முதல் 1968 வரை மும்பை விக்ரோலியில் தொழிலாளர் குடியிருப்பில் வேலை செய்தார். ‘அறுபது ஆயிடுச்சு, இனி என்ன’ என்று சொல்கிற என் வயசு நண்பர்கள் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளலாம்.

விவசாயி அதிபரும் டிராக்டர் ஊர்வலமும்

அதிபர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலை விவசாயி ஆட்சிக்கு வந்தால் விவசாயிக்கு விடிவு வரும் என்று எல்லோரும் நினைப்போம். அங்கே வரவில்லை. கட்டுப்படியான விலை கேட்டு அமெரிக்க விவசாயிகள் 1977-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். கார்ட்டரின் பிளெயின்ஸுக்கே டிராக்டரை ஓட்டிப் போனார்கள். 1979 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் வாஷிங்டனுக்குள் நுழைந்தன. போலீஸ் அவர்களை மைதானத்துக்குள் அடைத்தது. அந்த மாதத்திலேயே நகரமே மூடும்படி பனி கொட்டியது. ஆம்புலன்சும் நர்சுகளும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் தவித்தபோது வழி உண்டாக்கியது அதே விவசாயிகளின் டிராக்டர்கள்தான். டெல்லி எல்லையில் 2020-21-ல் ஒரு வருடத்துக்கு மேல் நடந்ததைப் பார்த்த நமக்கு இந்தக் கதை அந்நியமில்லை. அடுத்து 1980-ல், ஆப்கானிஸ்தானில் படை நுழைந்ததற்காக சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கக் கூடாது என்று கார்ட்டர் தடை போட்டார். விவசாயிகள் கோபம் இன்னும் ஏறியது.

ஆனால் அதே ஆட்சியில் நடந்த இன்னொரு காரியம் நம் இயக்கத்துக்கு முக்கியமானது. அவருடைய வேளாண் அமைச்சர் பாப் பெர்க்லண்ட், மினசோட்டாவைச் சேர்ந்த விவசாயி. ரசாயனம் இல்லாத விவசாயம் நிஜமாகவே நடக்கிறதா, கட்டுப்படியாகிறதா என்று போய்ப் பார்த்து எழுதச் சொல்லி ஒரு குழு போட்டார். குழு 69 பண்ணைகளை நேரில் ஆராய்ந்தது. 1980 ஜூலையில் அறிக்கை வந்தது. இவர்கள் பழங்காலத்துக்குத் திரும்பியவர்கள் அல்ல, பலர் ரசாயனத்தில் இருந்து மாறி வந்த தேர்ந்த விவசாயிகள், மண்ணைக் காக்கிறார்கள், எரிசக்தியைக் குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு வேளாண் துறையே முதல் தடவையாக எழுதியது. இயற்கை விவசாயத்துக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் பதவியும் உண்டாக்கினார்கள். அடுத்து வந்த ஆட்சி அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது.

வெள்ளை மாளிகைக் கூரையில் 1979-ல் கார்ட்டர் வைத்த 32 சூரியத் தகடுகளுக்கும் அதே கதிதான். கூரை பழுது பார்த்தபோது இறக்கினார்கள், திரும்ப ஏற்றவில்லை. மனுஷன் விடவில்லை. 2017-ல், 92 வயதில், பிளெயின்ஸில் கடலையும் சோயாவும் விளைந்த தன் நிலத்தில் 10 ஏக்கரைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். ஊரின் மின்தேவையில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டார்கள்.

இரண்டாவது திரும்புதல்

1980 தேர்தலில் பெரிய தோல்வி. 56 வயது. பதவியில் இருந்தபோது கிட்டங்கியையும் நிலத்தையும் அறங்காவலர் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் 10 லட்சம் டாலருக்கும் மேல் கடன். கிட்டங்கியை விற்றார். நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

முன்னாள் அதிபர் என்ற பெயரை வைத்துக் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடன் ஒரு பொருட்டே அல்ல. அதைச் செய்ய அவர் விரும்பவில்லை. புத்தகம் எழுதிச் சம்பாதித்தார். 1961-ல் கட்டிய அதே இரண்டு படுக்கையறை வீட்டில் சாகும்வரை இருந்தார். ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தார். அந்தக் கோயில் புல்லை வெட்டியதும் அவர்தான். ரோசலின் அங்கே கழிவறை கழுவினார்.

அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் அமெரிக்கஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டான் என்பவர் கொய்னோனியா என்ற கூட்டுப் பண்ணை தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே நிலத்தில் உழைத்து, ஒரே மேசையில் சாப்பிட்ட பண்ணை. 1950-களில் அதன்மீது துப்பாக்கிச் சூடு, வெடிகுண்டு, முழுப் புறக்கணிப்பு. உள்ளூரில் யாரும் விளைச்சலை வாங்கவில்லை, உரமோ விதையோ விற்கவில்லை. அவர்கள் பீகன் பருப்பைத் தபாலில் நாடு முழுக்க விற்றுப் பிழைத்தார்கள். உள்ளூர் வியாபாரி அடைத்த கதவைச் சுற்றி நேரடி விற்பனையில் வழி கண்டவர்கள். நம்ம இயற்கை அங்காடிக்காரர்களுக்கு அவர்கள் தாத்தா முறை.

அந்தப் பண்ணையில் ஒரு நிதி தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டக் கடன், வட்டி கிடையாது. திரும்பி வருகிற தவணை அடுத்த வீட்டுக்குப் போகும். வீடு பெறுகிற குடும்பமும் தன் உழைப்பைக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து 1976-ல் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பை உண்டாக்கினார்கள். வங்கிக்காரனாக எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தர்மம் என்று கையில் கொடுத்தால் வாங்கியவன் தலை குனிவான், பணமும் ஒரு தடவையோடு தீரும். சுழல்நிதியாக விட்டால் வாங்கியவன் நிமிர்ந்து நிற்பான், அவன் கட்டுகிற தவணை அடுத்தவனுக்குக் கூரையாகும். நம்ம விதைப் பரிமாற்றம் இதே தத்துவம்தானே. ஒரு படி வாங்கினால் விளைந்ததும் இரண்டு படி திருப்பிக் கொடு.

1984-ல் கார்ட்டர் தம்பதி ஜார்ஜியாவிலிருந்து மற்றத் தொண்டர்களோடு பஸ் ஏறி நியூயார்க் போனார்கள். இடிந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடத்தை ஏழைகளுக்கான வீடுகளாக மாற்றும் வேலை. இரவு கோயிலில் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு வாரம், சுத்தியலும் கையுமாக, 2019 வரை அநேகமாகத் தொடர்ந்தார்கள். 14 நாடுகள், 4,390 வீடுகள். 2006-ல் நம்ம நாட்டில் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கத்திலும் வந்து கட்டினார்கள். படம் எடுத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. காலையில் முதலில் வந்து, மாலையில் கடைசியாகப் போகிறவர், பேச்சுக் கொடுத்தால் எரிச்சல்படுகிறவர் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். 2019 அக்டோபரில், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல். அந்த முகத்தோடு நாஷ்வில் நகரில் வேலைக்கு வந்து நின்றார்.

நரம்புச்சிலந்தி

அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரியதாகப் படுவது இதுதான். நரம்புச்சிலந்தி என்று நம்ம பெரியவர்கள் சொன்ன நோய். குளத்து நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரி மூலம் புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகும். ஒரு வருடம் உள்ளேயே வளர்ந்து, மீட்டர் நீளத்துக்குப் புழுவாகி, காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்தில் வைத்தால், புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை நீரில் விடும். திரும்பவும் சுற்று ஆரம்பம். பெரும்பாலும் விதைப்பு, அறுப்பு நேரத்தில் வந்து படுக்கவைக்கும். மாலி நாட்டில் ‘குதிர் காலியாகும் நோய்’ என்ற பொருளில் இதற்குப் பெயர்.

இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. இருப்பது ஒரே வழி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, புழு வெளியே வந்தவரைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அதைக் கிராமம் கிராமமாகச் சொல்லிக் கொடுக்க அந்தந்த ஊர் ஆட்களே வேண்டும். கார்ட்டர் தொடங்கிய மையம் 1986-ல் இந்த வேலையை எடுத்தது. அப்போது உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய். 2023-ல் 14 பேர். இதில் நம்ம நாட்டு ஊழியர்களின் பங்கும் பெரிது. தமிழ்நாடு உள்பட ஏழு மாநிலங்களில் இருந்த நோயை ஒழித்து, 1996-ல் கடைசி நோயாளியைக் கண்டு, 2000-ல் இந்தியா சான்று பெற்றது. வடிதுணியும் ஊர்த் தொண்டரும் சேர்ந்தால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நமக்கு ஒத்துவராத இடம்

ஒருவரை நினைவுகூர்வதென்றால் மாலை போட்டுவிட்டுப் போவது மட்டும் அல்ல. கார்ட்டர் ரசாயன விவசாயிதான். அவர் கிட்டங்கியில் ரசாயன உரம் விற்றார். 1986-ல் நார்மன் போர்லாக்கோடும் ஜப்பானின் சசகாவா அறக்கட்டளையோடும் சேர்ந்து, ஆப்பிரிக்காவுக்குப் பசுமைப் புரட்சி முறையைக் கொண்டுபோனார். வீரிய விதையும் மூட்டை உரமும் பசியைத் தீர்க்கும் என்று மனசார நம்பினார். அதே வழியில் நடந்து, மண் செத்து, கடன் ஏறி, திரும்பி வந்தவர்கள் நாம். இந்த இடத்தில் நம் வழி வேறு.

ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். நோய் ஒழிப்பில் அவர் ஜெயித்தது, கிராமத்து ஆளின் கையில் வேலையைக் கொடுத்தபோது. உர மூட்டைத் திட்டம் நாட்டுக்கு நாடு தடுமாறியது, வெளியிலிருந்து வரும் சரக்கை நம்பி நின்றதால். கடனும் மானியமும் நின்ற இடத்தில் விவசாயி உரம் வாங்குவதையும் நிறுத்தினார். ஒரே மனிதர், ஒரே நல்லெண்ணம். வேலை யார் கையில் இருக்கிறது என்பதுதான் நிற்பதையும் விழுவதையும் தீர்மானித்தது. இதை நம் உழவர் குழுக்களிலும் எழுதி ஒட்டலாம்.

ஊர் சொன்ன விடை

2023 நவம்பரில் ரோசலின் போனார். 77 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அடுத்த வருடக் கடைசியில் இவரும் போனார். 2025 ஜனவரி 4-ம் தேதி இறுதி ஊர்வலம் ஆர்ச்சரியில் பழைய பண்ணைக்கு முன்னால் நின்றது. 39-வது அதிபர் என்பதால் அந்தப் பண்ணை மணியை 39 முறை அடித்தார்கள். ஜனவரி 9-ல் பிளெயின்ஸில், தன் வீட்டுத் தோட்டத்திலேயே, மனைவிக்குப் பக்கத்தில் அடக்கமானார். கடற்படை விமானங்கள் மேலே பறந்து மரியாதை செய்தன.

நம்ம இயக்கத்தில் இப்போது என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் நிறைய. கையில் ஓய்வூதியம், நாலு ஏக்கர், கொஞ்சம் படிப்பு. நம் பண்ணையை மட்டும் அழகாக வைத்துக்கொண்டு, வேலிக்குள் நாட்டு மாட்டையும் பாரம்பரிய நெல்லையும் வளர்த்துக்கொண்டு இருந்துவிடலாம். ஊர்க்காரன் வேலிக்கு வெளியிலிருந்து ‘பணக்காரர் பண்ணை’ என்று பார்த்துவிட்டுப் போவான். நம் விவசாயம் நம்மோடு முடிந்துவிடும்.

வேறு மாதிரியும் இருக்கலாம். வங்கியில் இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயிர்க்காப்பீட்டு மனுவை நிரப்பித் தரலாம். ஆசிரியராக இருந்தவர் சாயங்காலம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். ராணுவத்தில், கடற்படையில் இருந்து வந்தவர் ஏரிக்கால்வாய் தூர்வார ஆள் திரட்டி முன்னால் நிற்கலாம். அவர்கள் சொன்னால் இளவட்டங்கள் கேட்பார்கள். விதைக்கடலை இருப்பவர் இல்லாதவருக்குப் படிக்கு இரண்டு படி என்ற கணக்கில் கொடுக்கலாம். ஊர்க்கூட்டத்தில் யாரையாவது ஒதுக்கிவைத்தால், சேர மாட்டேன் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கலாம். இதெல்லாம் பெரிய செலவில்லாத வேலை. நம்ம சொல்லை நம்பி ஒருத்தர் ரசாயனத்தை விடுவதும் அதற்குப் பிறகுதான் நடக்கும். நாம் அவருக்கு எதற்காவது பயன்பட்டிருந்தால்தானே நம்ம ஜீவாமிர்தத்தை அவர் நம்புவார்?

1953-ல் அப்பாவின் கட்டிலோரம் ஜிம்மி கார்ட்டர் கேட்டுக்கொண்ட கேள்வி ரொம்பச் சின்னது. வாசலுக்கு யார் வருவார்கள்? அதற்குப் பிறகு 71 வருடம் அந்தக் கேள்விக்காகவே உழைத்தார். நம் ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. இந்தப் பட்டம் முடிந்து கடலை பிடுங்கும்போது, முதல் படியை யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று யோசியுங்கள்.